பெயர்தான் அயர்லாந்துக் குழல்

நேயர்களுக்கு வணக்கம். வேலை நிமித்தம் சில ஆண்டுகள் அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே நகரத்தில் இருந்தேன். போன மூன்றாவது மாதமே ஒரு குழல் வாங்கினேன். வாங்கக் கூடாத குழல். அந்தக் கதையைச் சொன்னாலே அயர்லாந்துக் குழலில் எதை வாங்க வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கால்வேயில் இரவானால் பப்புகளின் ஒரு மூலையில் ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது. இரண்டு ஃபிடில், அதாவது வயலின், கையால் அமுக்கி வாசிக்கும் சின்னத் துருத்தி வாத்தியமான கன்சர்ட்டினா ஒன்று, ஒரு மரக்குழல். யாராவது ஒருவர் ரீல் என்னும் வேகமான நடன மெட்டு ஒன்றை எடுப்பார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இதற்கு செஷன் என்று பெயர். நான் சின்ன வயதில் மூன்று வருடம் புல்லாங்குழல் கற்று, வர்ணத்தோடு நிறுத்தியவன். அந்த மரக்குழலின் கனத்த அடிக்குரலைக் கேட்டதும் கை பரபரத்தது. அன்று இரவே இணையத்தில் தேடி ஒன்றை வரவழைத்துவிட்டேன். கருஞ்சிவப்பில் பளபளக்கும் மரம், வெள்ளி போல மின்னும் ஆறு சாவிகள், சிவப்பு வெல்வெட் வைத்த பெட்டி. விலையும் மலிவு.

ஒரு மாதம் வீட்டில் ஊதிப் பார்த்துவிட்டு செஷனுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த பெரியவர், எழுபது வயதிருக்கும், கொடு பார்ப்போம் என்று வாங்கினார். ஆறு துளைகளையும் மூடி அடி ஸ்தாயியில் ஒரு சுரம் ஊதினார். அதையே மேல் ஸ்தாயியில் ஊதினார். மேலே போனது சேரவில்லை, அப்பட்டமாக இறங்கி நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலைப்பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு, மீதிக் குழலைத் தொலைநோக்கி மாதிரி கண்ணில் வைத்துப் பார்த்தார். அப்புறம் தன் குழலையும் அதே போலக் கழற்றி என்னிடம் நீட்டினார். என்னுடையது தலையிலிருந்து கால் வரை ஒரே அகலம். அவருடையது போகப் போகக் குறுகியது.

அந்தக் குறுகல்தான் விஷயம். தலைப்பகுதியில் உள்விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர் இருக்கும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அடியில் 11 அல்லது 12 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். இதனால் துளைகளை விரலுக்கு எட்டும்படி நெருக்கமாக வைக்கலாம், அடி ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் ஒன்றுக்கொன்று இழையும். நம் மூங்கில் குழலும் நேர்க்குழாய்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். அங்கே வித்வான் உதட்டாலும் மூச்சாலும் சரிசெய்துகொள்கிறார். ரீலில் நொடிக்கு ஏழு சுரம் ஓடும். உதட்டைத் திருத்திக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை.

இந்தக் குழல் அயர்லாந்தில் பிறந்ததே இல்லை என்பது வேடிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் மேல்நாட்டு இசைக்குழுக்களுக்காகக் கடைந்த குழல் இது. 1847இல் ஜெர்மனியில் தியோபால்ட் போம் என்பவர், உருளை உடம்பும் எல்லாத் துளைக்கும் மூடியும் வைத்துப் புதுக் குழல் செய்தார். இன்று ஆர்க்கெஸ்ட்ராக்களில் நாம் பார்க்கும் வெள்ளிக் குழல் அதன் வழி வந்ததுதான். இசைக்குழுக்காரர்கள் மெல்ல மெல்ல அதற்கு மாற, பழைய மரக்குழல்கள் மலிவாகக் கைமாறின. ஸ்லைகோ, லீட்ரிம், ராஸ்காமன் என்று அயர்லாந்தின் வடமேற்கு மாவட்டங்களில் அவை நடனப் பாட்டுக்குள் நுழைந்தன. லீட்ரிம்காரர் ஜான் மெக்கென்னா 1920களில் நியூயார்க்கில் பதிவுசெய்த இசைத்தட்டுகளை இன்றும் கேட்கலாம். மூச்சை வெட்டி வெட்டி, குதிரை ஓடுவது மாதிரி ஊதுவார். ராஸ்காமனில் பிறந்து, 1979இல் சீஃப்டன்ஸ் என்னும் அயர்லாந்து இசைக்குழுவில் சேர்ந்த மாட் மாலாய் இந்தக் குழலை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருவோம். முதல் கேள்வி சுருதி. ஆறு துளைகளையும் மூடி ஊதினால் டி சுரம் வர வேண்டும். நம் கணக்கில் இரண்டு கட்டை. செஷனில் வேறு சுருதிக் குழலோடு போய் உட்கார்ந்தால், ஃபிடில்காரர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. கடைகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஆர்க்கெஸ்ட்ரா குழலை சி குழல் என்பார்கள், இதை டி குழல் என்பார்கள். கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, சாவி. சாவி என்றால் துளையை மூடித் திறக்கும் சின்ன உலோக நெம்புகோல். பழைய லண்டன் குழல்களில் எட்டுச் சாவி சகஜம். என் மலிவுக் குழலில் ஆறு இருந்தன, ஆறும் காற்றை ஒழுகவிட்டன. ஆனால் சாவியே தேவையில்லை என்பதுதான் எனக்குப் பிறகு தெரிந்த சேதி. விரலை வரிசையாகத் தூக்கினால் இந்தக் குழலில் இரண்டு கட்டைச் சங்கராபரணம் வருகிறது. மேலே இரண்டாம், மூன்றாம் துளைகளை மட்டும் மூடி ஊதினால் கைசிகி நிஷாதம், அதாவது சற்று இறங்கிய நி, கிடைக்கும், அது ஹரிகாம்போஜி. இதே சுரங்களை வேறு இடத்தை ஆதாரமாக வைத்து வாசித்தால் கரகரப்ரியாவும் நடபைரவியும் வந்துவிடும். அயர்லாந்து நடன மெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த நான்கிற்குள் அடங்கும். அவர்கள் அயோனியன், மிக்ஸலிடியன், டோரியன், ஏயோலியன் என்று சொல்வார்கள், நாம் மேளகர்த்தா எண் சொல்வோம். அவ்வளவுதான் வித்தியாசம். சாவி வேண்டிய மெட்டுகளும் இருக்கின்றன. முதல் ஐந்தாண்டு அவற்றை ஃபிடில்காரர்களுக்கு விட்டுக்கொடுங்கள். பின்னால் சாவி பொருத்திக்கொள்ள வசதியாக, மரத்தில் இடம் விட்டுக் கடைந்து கொடுக்கிற குழல்காரர்களும் உண்டு.

திறந்த துளைக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அவர்கள் ரோல் என்று சொல்லும் அலங்காரத்தைப் பாருங்கள். ஜி சுரத்தை ஊதிக்கொண்டே இருக்கும்போது மேல்கை விரல் ஒன்றைச் சட்டென்று தூக்கிப் போடுவார்கள், அடுத்த கணம் கீழ்விரல் ஒன்றால் துளையில் ஒரு தட்டு. நாக்கு அசையாது. ஒரே மூச்சில் அந்த ஒரு ஜி மூன்றாக உடையும். விரலின் சதை நேராகத் துளையில் விழ வேண்டும், அப்போதுதான் அந்தத் தட்டு கேட்கும். நான் பழக்கதோஷத்தில் அங்கே ஒரு கம்பிதம் போட்டு அசைத்தேன். பெரியவர் சிரித்தார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் யாரும் இதற்கு ஆட முடியாது என்றார்.

மூடி வைத்த வெள்ளிக் குழலில் இந்த இசை முடியாதா? முடியும். நியூயார்க்கின் ஜோனி மேடன் அதில்தான் ஊதுகிறார், அபாரமாக ஊதுகிறார். வீட்டில் ஏற்கெனவே வெள்ளிக் குழல் இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். புதிதாக வாங்குவதென்றால் நான் மரப் பக்கம்தான்.

மூன்றாவது, உங்கள் கை. கடைக்காரர்கள் இதைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள், எனக்கோ இதுதான் முதல் விஷயம். இன்றைய குழல்காரர்கள் பெரும்பாலும் இரண்டு பழைய லண்டன் மாதிரிகளைப் பின்பற்றுகிறார்கள். ருடால் அண்ட் ரோஸ் மாதிரியில் துளைகள் கொஞ்சம் சிறிது, குரல் இனிமை, ஒருமுகமானது. பூசி கம்பெனி செய்த பிராட்டன் மாதிரியில் துளைகள் பெரிது, குரல் முழங்கும், மூச்சும் அதிகம் வேண்டும். எல்லாருக்கும் பிராட்டன் மேல்தான் ஆசை வரும். எனக்கும் வந்தது. பெரியவரின் பிராட்டனைப் பத்து நிமிடம் பிடித்திருப்பேன். இடது மோதிரவிரலும் வலது மோதிரவிரலும் துளையை முழுக்க மூடாமல் ஓரத்தில் காற்று கசிந்து, அடிச் சுரம் வெறும் ஊதலாகப் போனது. விரல் நுனியால் எட்டாவிட்டால், விரலை நீட்டி நடுக்கணுவால் மூடலாம், காற்றுப்பை வைத்த பைப் வாத்தியம் வாசிப்பவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். அதுவும் வலித்தால் சின்னத் துளைக் குழல் கேளுங்கள். சிறிய கைகளுக்கென்றே சிலர் செய்கிறார்கள். மணிக்கட்டு வலிக்கிற குழலை ஒரு மாதத்துக்கு மேல் யாரும் கையில் எடுப்பதில்லை.

மரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், சண்டை போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பழையவை கரீபியன் தீவுகளின் கோகஸ் மரத்தில் செய்தவை. இன்றைக்குப் பரவலானது ஆப்பிரிக்கக் கருமரம், நம் ஈட்டி மரத்துக்குப் பங்காளி. நல்ல கனம். காய்ந்தால் வெடிக்கும், அதனால் அவ்வப்போது பாதாம் எண்ணெய் தடவ வேண்டும். டெல்ரின் என்னும் கெட்டியான பிளாஸ்டிக்கிலும் இதே குறுகும் உள்வடிவத்தைக் கடைகிறார்கள். வெடிக்காது, எண்ணெய் கேட்காது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. டெல்ரினில் சாவியில்லாத குழல் சில நூறு யூரோவுக்குக் கிடைக்கும். நல்ல மரக்குழல் ஆயிரம் யூரோவை எளிதாகத் தாண்டும், சாவி வைத்தால் பல ஆயிரம். பேர்பெற்ற குழல்காரர்களிடம் பெயர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பழம்பொருள் கடைக் குழல் பக்கம் முதலில் போகாதீர்கள். அந்தக் காலச் சுருதி இன்றையதோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். தலைக்குள் உலோகக் குழாய் செருகியிருப்பார்கள், மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது, விரிசல் விடும். ஜெர்மன் குழல் சிலவற்றில் தலை யானைத் தந்தத்தில் இருக்கும். அதோடு விமான நிலையத்தில் மாட்டினால் குழலும் போகும், நிம்மதியும் போகும்.

வாங்கும் முன் கடையிலேயே மூன்று காரியம் செய்யுங்கள். தலையைக் கழற்றி உள்ளே குறுகுகிறதா என்று பாருங்கள். ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியிலும் ஊதி, கைபேசி ட்யூனரில் ஒப்பிடுங்கள். அப்புறம் ஐந்து நிமிடம் ஊதாமல் சும்மா விரல்களை வைத்திருங்கள், எங்கே வலிக்கிறது என்று தெரியும்.

கடைசியில் நான் வாங்கியது சாவியில்லாத, நடுத்தரத் துளையுள்ள கறுப்பு டெல்ரின் குழல். கால்வே மழையில் நனையும், சமையலறைக் குழாயில் கழுவித் துடைத்து வைப்பேன். பழைய பளபளக் குழலை அலமாரியின் மேல் தட்டில் போட்டுவிட்டேன். அதன் வெல்வெட் பெட்டி மட்டும் உண்மையிலேயே நல்ல பெட்டி. கறுப்புக் குழலைக் கொஞ்சம் இடுக்கி அதில்தான் வைத்திருக்கிறேன். வணக்கம்.