சிங்கம் கடித்திருந்தால்?

வணக்கம் நேயர்களே. பினாங்கிலிருந்து பேசுகிறேன். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறவள் நான், அதனால் பேச்சில் கொஞ்சம் டீச்சர் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். விசுவாசத்தில் தைரியமாக இருக்கப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், நாம் பிள்ளைகளுக்குப் பாதிக் கதைதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தாவீது கவணைச் சுழற்றினான், கோலியாத் விழுந்தான், கைதட்டு. தானியேலைச் சிங்கக் கெபியில் போட்டார்கள், தூதன் வந்து சிங்கங்களின் வாயைக் கட்டினான், கைதட்டு. அப்புறம் அட்டையில் சிங்கம் வெட்டி, மஞ்சள் கலர் அடித்து, வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். நல்ல கதைகள்தான், நானும் சொல்கிறேன். ஆனால் இதை மட்டுமே வருஷக்கணக்கில் கேட்டு வளரும் பிள்ளை மனதில், தைரியமாக இருந்தால் ஜெயித்துவிடுவோம் என்றுதானே பதியும்? எங்கள் வகுப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பையன் ஒருவன், வாயில் பென்சிலைக் கடித்துக்கொண்டே கேட்டான்: "டீச்சர், சிங்கம் கடிச்சிருந்தா, தானியேல் மேல தப்பா?" பெரியவர்கள் யாரும் இவ்வளவு பச்சையாகக் கேட்டதில்லை.

அவனுக்குப் பதில் அதே தானியேல் புத்தகத்தில், மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும், என் சிலையைப் பணியாவிட்டால் நெருப்பில் போடுவேன் என்கிற பாபிலோன் ராஜா முன்னால் நிற்கிறார்கள், பக்கத்தில் சூளை எரிகிறது. எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்கிறார்கள். அதோடு நிறுத்தவில்லை. அவர் விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையைப் பணியமாட்டோம் என்கிறார்கள். அந்த இரண்டாவது பாதியை நாம் வேகமாகத் தாண்டிவிட்டு, நாலாவது ஆள் நெருப்பில் உலாவுகிற காட்சிக்கு ஓடிவிடுகிறோம், ஏனென்றால் படம் வரைய அதுதான் வசதி. எனக்குக் கேட்டால், பிள்ளைகள் மனப்பாடம் பண்ண வேண்டியது அந்த 18-வது வசனம்தான்.

இதெல்லாம் பாபிலோன் சங்கதி, நமக்கு ரொம்ப தூரம் என்று நினைக்க வேண்டாம். நம் பினாங்கிலேயே ஒரு குருமடம் இருக்கிறது, காலேஜ் ஜெனரல். 1665-இல் சயாமில் தொடங்கி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்குக்கு வந்தது, இப்போது தஞ்சோங் பூங்காவில் இருக்கிறது. அங்கே பாடம் நடத்திய ஷாஸ்தான் என்ற பிரெஞ்சு குரு பிறகு கொரியாவுக்குப் போனார். அங்கே கிறிஸ்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்த காலத்தில், நாம் சரணடைந்தால் மக்களையாவது விட்டுவிடுவார்கள் என்று அவருடைய ஆயர் சொல்ல, ஷாஸ்தானும் இன்னொரு குருவும் தாங்களே போய்ச் சரணடைந்தார்கள். மூவரையும் 1839 செப்டம்பர் 21-ஆம் தேதி தலையை வெட்டிக் கொன்றார்கள். அதன் பிறகாவது மக்களை விட்டார்களா? இல்லை, துன்புறுத்தல் நிற்கவில்லை. கணக்குப் பார்த்தால் தோல்வி. ஆனால் 1984-இல் அவர்களைப் புனிதர்களாக அறிவித்தபோது யாரும் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் தேவசகாயம் பிள்ளை. நட்டாலத்தில் பிறந்தவர், திருவிதாங்கூர் அரசில் அதிகாரி, முதலில் அவர் பெயர் நீலகண்டன். 1745-இல் ஞானஸ்நானம் பெற்றார். அதற்குப் பிறகு எல்லா ஜாதிக்காரர்களோடும் சமமாகப் பழகினார், அதுவும் பலருக்குப் பொறுக்கவில்லை. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள், கடைசியில் 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே மாதம் புனிதர் பட்டம் கிடைத்தது. சின்னப் பிள்ளைகளிடம் சுட்ட இடத்தை விவரிக்கத் தேவையில்லை. யாரோடு பேசக்கூடாது, யாரோடு உட்காரக்கூடாது என்று ஊர் சொன்னதோ, அவர்களோடு பேசினார், உட்கார்ந்தார் என்று சொல்லுங்கள், வகுப்பில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று எல்லாப் பள்ளியிலும் இருக்கும், அவர்களுக்கே புரிந்துவிடும்.

சரி, நம் பிள்ளைகளை யாரும் சூளையில் போடப் போவதில்லை. அவர்களுடைய சோதனை பள்ளிக் கண்டீனில் இருக்கிறது. ஒன்றாம் படிவம் போன ஒரு பையன் என்னிடம் சொன்னான், நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்ததும் நெற்றியைச் சொறிவது மாதிரி கையை வைத்துக்கொள்வானாம், அந்த மறைவில் கண்ணை மூடி அரை வரி ஜெபம், முடிந்ததும் கொசு கடித்தது மாதிரி இன்னும் இரண்டு சொறி. எனக்குச் சிரிப்பு வந்தது, அவனும் சிரித்தான். அவனை நான் திட்டவில்லை. நிக்கொதேமு என்ற யூதத் தலைவர் இராத்திரியில்தானே இயேசுவிடம் வந்தார்? யோவான் சுவிசேஷத்தைத் தொடர்ந்து படித்தால், நடுவில் அவரே பரிசேயர் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறார், கடைசியில் சீஷர்கள் ஓடிப்போன நேரத்தில், இயேசுவை அடக்கம் பண்ண வெள்ளைப்போளமும் கரியபோளமும் என்ற வாசனைப் பொருள்களைச் சுமந்துகொண்டு வந்து நிற்கிறார். பையன் இப்போது முதல் கட்டத்தில் இருக்கிறான், அவ்வளவுதான்.

பேதுருவையும் மறக்காதீர்கள். தோட்டத்தில் இயேசுவைப் பிடிக்க ஆயுதம் ஏந்தி வந்த கூட்டத்துக்கு எதிராகப் பட்டயத்தை உருவினவர், கொஞ்ச நேரத்தில் வாசல் காக்கிற ஒரு வேலைக்காரப் பெண் நீயும் அவனோடு இருந்தவன்தானே என்ற மாதிரிக் கேட்டதும் மழுப்பிவிடுகிறார். ஆண் பிள்ளைகளிடம் இதை நான் விடாமல் சொல்வேன். அடிதடியில் இறங்குவது அவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை, நண்பன் கேலியாக ஒரு கேள்வி கேட்கும்போது "ஆமாம்" என்று சொல்வதுதான் கஷ்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் ஊருக்கு இது முக்கியம். நம்மில் பாதிப் பேர் வீட்டில் பாட்டி இந்து, சித்தப்பா இந்து, பக்கத்து வீட்டில் மலாய்க்காரர், எதிர்வீட்டில் சீனர். தைரியம் என்ற பெயரில் அடுத்தவர் சாமியை இளக்காரமாகப் பேசக் கற்றுக்கொடுத்தால் பிள்ளை வாய்த்துடுக்கைத்தான் கற்றுக்கொள்ளும். பாட்டி திருநீறு நீட்டினால், "வேணாம் பாட்டி, நான் இயேசப்பாகிட்ட ஜெபம் பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பாட்டியைக் கட்டிப்பிடித்து ஒரு முத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். வேதத்தில் சீரியாப் படைத்தலைவன் நாகமான் வீட்டில் வேலை செய்த அந்த இஸ்ரவேல் சிறுமியைப் பாருங்கள். அவளைச் சொந்த ஊரிலிருந்து சிறைபிடித்து வந்தவர்கள் அவர்கள், வெறுக்க அவளுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனாலும் எஜமானுக்குக் குஷ்டம் தீர வழி சொன்னாள். தீராமல் போயிருந்தால் முதலில் மாட்டுவது அவள்தான். வேதத்தில் அவள் பெயர்கூட இல்லை.

பெற்றோர்களே, கோபித்துக்கொள்ள வேண்டாம். காரில் போகும்போது போலீஸ்காரர் நிறுத்தினால் அப்பா லைசென்ஸுக்குள் ஐம்பது வெள்ளியை மடித்து நீட்டுவதைப் பின்சீட்டில் இருக்கிற பிள்ளை பார்க்கிறது. அபராதத்தைக் கட்டிவிட்டு வாருங்கள், என் வகுப்பில் நான் ஒரு வருஷம் பேசினாலும் அதற்கு ஈடாகாது.

நான் வகுப்பில் செய்கிற ஒரு காரியம் வீட்டிலும் செய்யலாம். பிள்ளைக்குச் சொல்ல ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். பரீட்சையில் விடைத்தாளைக் காட்டு என்று பக்கத்தில் இருப்பவன் உதைத்தால், "காட்ட மாட்டேன், முடிஞ்சதும் சொல்லித் தரேன்." நடித்துப் பழகட்டும், அண்ணன் கெட்டவனாக நடிக்கட்டும், அதில் அவர்களுக்குக் குஷி. திடீரென்று மாட்டிக்கொள்ளும்போது வாய் தானாக அந்த வாக்கியத்துக்குப் போகும்.

அப்படிச் சொல்லிவிட்டு, கேலி வாங்கிக்கொண்டு பிள்ளை வீட்டுக்கு வரும் நாளும் வரும். உடனே வசனத்தை எடுத்து வீசாதீர்கள். முதலில் சோறு போடுங்கள், யார் என்ன சொன்னார்கள் என்று முழுசாகக் கேளுங்கள், நீ சொன்னது சரிதான் என்று சொல்லுங்கள். ஆனால் கேலி தாண்டி அடி, மிரட்டல், காசு பிடுங்குவது என்று போனால் அது பகடிவதை. பொறுத்துக்கொள், அதுதான் சிலுவை என்று பிள்ளையிடம் சொல்வது நியாயமே இல்லை. மறுநாள் காலையில் நீங்களே பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள், நடந்ததை எழுதிக் கொடுங்கள், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.