வெந்நீர் ஊற்றும் ஒரு கற்பனைக் கிராமமும்

நேயர்களுக்கு வணக்கம்.

மாயப் புனைவுகளில் வெந்நீர் ஊற்றுள்ள கிராமம் ஒன்று அடிக்கடி வந்துபோகும். மலையிடுக்கில் ஆவி பறக்கும் குளங்கள், களைத்து வரும் பயணிக்கு ஒரு தங்குமிடம், கேட்டால் பேச்சை மாற்றும் முதியவர்கள், எவரும் வாய் திறக்காத ஒரு பழங்கதை என்று அதன் அமைப்பு ஏறத்தாழ முடிவாகிவிட்டது. அந்தப் பழங்கதை என்னவென்று பார்த்தால், பெரும்பாலும் ஒரு மந்திரவாதியின் சாபமாகவோ புதைத்து வைத்த வாளாகவோ இருக்கும். ஊற்றை எடுத்துவிட்டு அங்கே ஒரு பாழடைந்த கோட்டையை வைத்தாலும் கதைக்கு யாதொரு குறையும் நேராது. இதுதான் எனக்குள்ள மனக்குறை. வெந்நீர் ஊற்றுக்குத் தன் இயல்பிலேயே இத்தனை மர்மம் இருக்கும்போது, அதை வெளியிலிருந்து இரவல் வாங்க வேண்டிய தேவை எழுதுகிறவருக்கு இல்லை என்பதையே இன்று சொல்ல வந்தேன்.

நீரின் வயதிலிருந்து தொடங்கலாம். அருகில் எரிமலை இல்லாத இடங்களிலும் வெந்நீர் ஊறுவதுண்டு. நிலத்தின் அடியில் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் பொதுவாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கூடுகிறது. மேட்டு நிலத்தில் பெய்த மழை பாறை இடுக்குகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, நிலப்பிளவு ஒன்று வாய்த்த இடத்தில் மேலெழுகிறது. இந்தப் பயணம் சில ஆண்டுகளில் முடிவதன்று. இங்கிலாந்தின் பாத் நகரில் சுமார் 46 டிகிரி வெப்பத்துடன் ஊறும் நீர், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மழையாகப் பெய்தது என்று கணித்திருக்கிறார்கள். அப்படியானால் நம் கற்பனைக் கிராமத்தில், முதற்குடி வந்து சேர்வதற்கு முன்பே பெய்த மழையில்தான் இன்றைய குழந்தை குளிக்கிறது. மலைமேல் ஒரு காலத்தவர் செய்த பிழை, அவர்களுடைய மொழியே மறைந்துபோன பிறகு, ஒன்றும் அறியாத இந்த ஊர்க் குளத்தில் வந்து சேரலாம். செய்தவரும் இல்லை, சாட்சியும் இல்லை, தண்ணீர் மட்டும் வந்திருக்கிறது. இதைவிடப் பழைய பகை வேறு எங்கே கிடைக்கும்?

அடுத்தது வாயு. இன்று துருக்கியில் பமுக்கலே எனப்படும் இடத்தில், ஹியராபோலிஸ் என்னும் பழைய நகரத்தின் வெந்நீர் ஊற்றுகளை ஒட்டி, பாதாள உலகின் வாயில் என்று மக்கள் நம்பிய ஒரு குகை இருந்தது. உள்ளே ஓட்டிச் செல்லப்பட்ட எருதுகள் செத்து விழுந்தன; உடன் சென்ற பூசாரிகளுக்கு ஒன்றும் நேரவில்லை. கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ தாமே சில சிட்டுக்குருவிகளை உள்ளே வீசிப் பார்த்து, அவை அக்கணமே உயிரிழந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். பூசாரிகள் தங்களால் இயன்றவரை மூச்சை அடக்கிக்கொள்வதையும் அவர் கவனித்திருக்கிறார். நிலப்பிளவிலிருந்து கசியும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே தரையோடு தேங்கி நிற்கும். தலை தாழ்ந்த விலங்கு விழுகிறது, நிமிர்ந்து நிற்கும் மனிதன் தப்புகிறான். இரவில் காற்று அசையாதபோது வாயு சேர்ந்து, விடியற்காலையில் மிக அடர்ந்து, வெயிலும் காற்றும் வந்த பின் கலைகிறது என்பதை அங்கே அளந்து பார்த்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு ஊரின் கட்டுப்பாடுகளை எழுதிப் பாருங்கள். வெயில் ஏறுமுன் கீழ்க்குளத்துப் பக்கம் கால் வைக்கலாகாது. அவ்வழியே குழந்தையைத் தோளில்தான் தூக்கிச் செல்ல வேண்டும். கீழே தவறி விழுந்த பொருள் தெய்வத்துக்குச் சொந்தம், குனிந்து எடுப்பது குற்றம். ஊரில் எவரும் நாய் வளர்ப்பதில்லை. புதிதாக வந்தவனுக்கு இவையெல்லாம் மூடநம்பிக்கையாகவும், போகப் போக ஏதோ ஒரு கொடுமையின் அடையாளமாகவும் தோன்றும். அவனுடைய மோதிரம் கழன்று விழுந்து, அவன் குனிகிற அந்த ஒரு காட்சிக்காக நூறு பக்கங்கள் காத்திருக்கலாம்.

ஆயினும் வேதியியல் மட்டுமே கிராமத்தின் மர்மமாகிவிடக் கூடாது. விடை கிடைத்தவுடன் கதை உலர்ந்துவிடும். மக்கள் தண்ணீரில் எதை இட்டார்கள் என்பதும் வேண்டும். இத்தாலியின் சான் கஷ்யானோ தேய் பாஞ்ஞி என்னும் சிற்றூரில், வெந்நீர்க் குளத்தின் சேற்றுக்குள்ளிருந்து 20க்கும் மேற்பட்ட வெண்கலச் சிலைகளும் ஆயிரக்கணக்கான நாணயங்களும் எடுக்கப்பட்ட செய்தி 2022ஆம் ஆண்டு வெளியாயிற்று. ரோமானியர்களுக்கு முன் இத்தாலியில் செழித்திருந்த எட்ருஸ்கர்களும், பின்னர் ரோமானியர்களும் அடுத்தடுத்து வழிபட்ட இடம் அது. கிறித்தவம் பரவிய பின், 5ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்தக் குளத்தை மூடினார்கள். ஆனால் சிலைகளை உடைக்கவில்லை, உருக்கவும் இல்லை, அவற்றைத் தண்ணீருக்குள்ளேயே விட்டு மேலே கனத்த தூண்களைக் கிடத்தினார்கள். தெய்வத்தைக் கைவிட்டவர்களே அதைப் பத்திரப்படுத்தியும் வைத்ததுபோல் எனக்குத் தோன்றுகிறது. அழித்த ஊரைப் பற்றி எழுதுவது எளிது; மூடி வைத்த ஊர்தான் ஒரு கதாசிரியருக்குப் புதையல்.

பாத் நகரத்து ஊற்றிலிருந்தோ ரோமானியர் காலத்து ஈயத் தகடுகள் சுமார் 130 கிடைத்தன. மேலங்கியைத் திருடியவனை, குளியலுக்கு வந்த இடத்தில் பணத்தை எடுத்தவனைத் தண்டிக்குமாறு சூலிஸ் மினர்வா தேவியிடம் எழுதிக் கொடுத்த முறையீடுகள் அவை. திருடியது ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரரோ, யாராயினும் விடாதே என்று வேண்டுகிறார்கள். சில தகடுகளில் எழுத்துகள் பின்னிருந்து முன்னாக எழுதப்பட்டிருக்கின்றன. பேரரசின் இரகசியம் ஒன்றும் அங்கே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மீதுள்ள சந்தேகம்தான் சுருட்டி நீரில் போடப்பட்டிருக்கிறது. கற்பனை ஊரின் குளத்தடியிலும் இத்தகைய சில்லறைப் பகைகளே கிடக்க வேண்டும் என்பது என் கட்சி.

அவை வெளிப்படுவதற்கு மாயக் கண்ணாடியும் வேண்டியதில்லை. ஜப்பானின் தோகோ வெந்நீர் ஊற்று, 1946ஆம் ஆண்டு நேர்ந்த நன்காய் என்னும் நிலநடுக்கத்தின்போது ஊறுவதை நிறுத்திப் பிறகு மீண்டது. நம் கிராமத்திலும் நிலம் ஒருமுறை அசைந்து குளம் வற்றட்டும். பெயர் எழுதிய தகடுகள் வெளியே தெரியும். பேரன்மார் தங்கள் பாட்டன்மாரின் கையெழுத்தை அடையாளம் காண்பார்கள். நீர் திரும்பி வருவதற்குள் அவற்றை என்ன செய்வது என்று ஊர் கூடி முடிவெடுத்தாக வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் உண்மையைச் சொல்லும் பொறுப்பைப் பூசாரியிடமோ நரைத்த தாடி முனிவரிடமோ ஒப்படைக்காதீர்கள். பல வெந்நீர் ஊற்றுகளின் நீரில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருக்கும். மேலே வந்ததும் அது ஓடைகளில் படலம் படலமாக இறுகி, மரத்தின் வளையங்களைப்போல் அடுக்காகப் படிந்துவிடும். சுரண்டி எடுக்காவிட்டால் வழியே அடைபட்டுப்போகும். ஆகவே அந்த ஊரில் ஓடை சுரண்டுவதைத் தொழிலாகக் கொண்ட ஒரு குடும்பம் இருந்தே தீர வேண்டும். தலைமுறை தலைமுறையாக அந்தப் படிவை உடைத்தவர்களுக்கு, எந்த அடுக்கில் நிறம் மாறியது, எந்த அடுக்கில் சாம்பல் கலந்தது, எத்தனை அடுக்குகளுக்கு முன் மேல்குளத்தின் மடையை யாரோ வேண்டுமென்றே அடைத்தார்கள் என்பதெல்லாம் தெரியும். கூட்டத்தில் கடைசி வரிசையில் உளியோடு நிற்கும் அவர்களை அதுவரை எவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. முதல் கேள்வியை யார் கேட்பது என்பதை இனி எழுதுகிறவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

வணக்கம்.