மாடிப்படி ஏறத் தெரியாத நாய்

எல்லோருக்கும் வணக்கம். சிப்பிப்பாறை, கன்னி என்ற நம் நாட்டு வேட்டைநாய்களை வளர்த்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் கிரேஹவுண்டின் உடம்பை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஒட்டிய வயிறு, இறங்கிய மார்பு, நீண்ட முகம், மோப்பத்தை நம்பாமல் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேகம், எல்லாம் நமக்குப் பழகிய சாயல்தான். நான் பேச வந்தது அதன் குணத்தைப் பற்றி.

சில வருஷங்களுக்கு முன் மான்செஸ்டரில் என் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெட்டை கிரேஹவுண்டை அவர்கள் தத்தெடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய நாய், மாடிப்படிக்குக் கீழே நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. அக்கா மேலே போய்விட்டாள். பின்னாலேயே போக அதற்கு ஆசை. ஆனால் படி என்ற ஒன்றை அது வாழ்நாளில் பார்த்ததில்லை. கூண்டு, வண்டி, மணல் தடம், மறுபடி கூண்டு என்றே வளர்ந்திருக்கிறது. அத்தான் குனிந்து, அதன் காலை ஒவ்வொன்றாக எடுத்துப் படியில் வைத்தார். நாலு படி ஏறக் கால் மணி நேரம் ஆனது.

அன்று எனக்கு அர்ரியன் ஞாபகம் வந்தது. அலெக்சாண்டரின் படையெடுப்புகளை எழுதினாரே, அதே கிரேக்கர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பழங்குடிகளான கெல்ட் மக்களின் வேகநாய்களைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். அதில் தான் வளர்த்த ஹோர்மே என்ற நாயைப் பற்றிச் சொல்கிறார்: வீட்டில் இருந்தால் என்னை விட்டு அகலாது, வெளியே போனால் கூடவே வரும் என்று. இந்த நாய்களுக்கு மெத்தென்ற கதகதப்பான படுக்கை வேண்டும், மனிதரோடு படுத்தால் இன்னும் நல்லது என்கிறார். முயல் தப்பித்துவிட்டால் நல்ல வேட்டைக்காரன் சந்தோஷப்படுவான் என்றும் எழுதியிருக்கிறார்.

அவர் சொன்னதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. இந்த நாய்க்குக் கொழுப்பு மிகக் குறைவு, முடியும் மெல்லியது. வெறுந்தரையில் படுத்தால் எலும்பு உறுத்தும், குளிர் உடனே ஏறும். நாலுகால் பாய்ச்சலில் ஒவ்வொரு எட்டுக்கும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும். அப்படி ஓடத் தேவையான பெரிய இதயமும், சிவப்பணு மிகுந்த ரத்தமும் அதற்கு உண்டு. ஆனால் ஓட்டம் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். மிச்ச நாளெல்லாம் தூக்கம்தான். குரைப்பது அபூர்வம்.

எகிப்திய ஓவியங்களைக் காட்டி இதை ஆதி இனம் என்பார்கள். ஆனால் 2004இல் வந்த மரபணு ஆய்வு இதை ஐரோப்பிய மேய்ச்சல் நாய்களுக்குப் பக்கத்தில் வைத்தது. பெயரில் வரும் 'கிரே'யும் சாம்பல் நிறத்தைக் குறிப்பதல்ல. சரி, அதனால் நாய்க்கு ஒரு குறையும் இல்லை.

குறை வந்தது இயந்திர முயலோடு, அதாவது பந்தயத் தடத்தில் நாய்கள் துரத்துவதற்காக ஓடவிடும் பொம்மை முயலோடு. அமெரிக்கர் ஓவன் பாட்ரிக் ஸ்மித் 1919இல் கலிஃபோர்னியாவின் எமரிவில்லில் அதை ஓடவிட்டார். 1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டரின் பெல் வூ அரங்கிற்கும் அது வந்தது. 1929, 1930 இரண்டு ஆண்டும் இங்கிலீஷ் டெர்பி என்ற நாய்ப் பந்தயத்தை வென்ற மிக் த மில்லர் என்ற நாயின் உடலைப் பதப்படுத்தி, இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். ஜெயித்த நாய்க்கு அவ்வளவு மரியாதை. தோற்றதற்கும், கால் ஒடிந்ததற்கும் என்ன கிடைத்தது? பல காலம் அவற்றுக்கு விதி கொலைதான். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், நாய்ப் பந்தயம் வேண்டுமா என்று 2018இல் மக்களிடமே வாக்கு கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோர் வேண்டாம் என்றார்கள். 2020 முடிவோடு அங்கே பந்தயம் நின்றது.

தத்தெடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கூண்டில் தனியாகவே படுத்து வளர்ந்த நாய், திடீரென்று தொட்டால் மிரண்டுவிடும். கண் பாதி திறந்திருந்தாலும் தூக்கமாக இருக்கலாம்.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று காலை, அது தானாகவே மாடி ஏறி வந்து என் பெட்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. இறங்கத்தான் பயம். 27 கிலோ எடையை அத்தான் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார்.