வரவுப் பதிவேட்டில் தெரியும் நோய்

அவைத்தலைவர் அவர்களே, விரிவுரையாளர்களே, மாங்குளத்திலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் பேருந்தேறி வந்திருக்கும் பெற்றோரே, வணக்கம்.

வன்னியில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் பாடசாலை மதிலில் பதாகை கட்டுகிறோம், ஊர் மண்டபத்தில் மாலை போடுகிறோம். அந்தப் பிள்ளை சில மாதங்களில் மனச்சோர்வால் விடுதிக் கட்டிலை விட்டு எழ மனமின்றிக் கிடந்தால், அதை யாரிடம் சொல்லும்? மாலை போட்ட ஊரிடம் சொல்லாது. தோட்டத்து வருமானத்தில் பணம் அனுப்பும் தாயிடம் நிச்சயமாகச் சொல்லாது. தொலைபேசியில் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "ஓம் அம்மா" என்ற பதிலே வரும்.

முதலாம் ஆண்டின் சுமை நாம் நினைப்பதை விடப் பெரியது. உயர்தரம் வரை தமிழில் படித்தவர் பல பீடங்களில் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கவேண்டும். பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டில் வன்னியின் நான்கு மாவட்டங்களும் அடங்குவதால், தனக்குத் தகுதியில்லை என்ற எண்ணம் சிலரைச் சத்தமின்றி அரிக்கிறது. 1998 ஆம் ஆண்டிலேயே தடைச்சட்டம் வந்தபோதும் பகிடிவதை இன்னும் ஒழியவில்லை. இவற்றுக்கு மேலாக, இன்று படிக்க வருபவர்களில் பலர் போர் முடிந்த 2009 மே மாதத்தில் சிறு குழந்தைகளாக இருந்தவர்கள். அந்த நாட்கள் அவர்களுக்கு நினைவில்லாவிட்டாலும், இழப்புகளைப் பேசாமல் விழுங்கிய வீடுகளில் வளர்ந்திருக்கிறார்கள்.

குறைந்தது இரண்டு வாரங்கள் பெரும்பாலான நாட்களிலும் மனம் தாழ்ந்திருப்பது, விருப்பமானவற்றில்கூட ஈடுபாடு அறுவது, நித்திரையும் பசியும் குழம்புவது, கவனம் சிதறுவது, தன்னைத் தானே பயனற்றவராக எண்ணுவது ஆகியவற்றில் பல சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் மனச்சோர்வு நோயைச் சந்தேகிப்பார்கள். நம் பிள்ளைகளோ தலையிடி, நெஞ்சிடி, உடம்பு அலுப்பு என்றே வைத்தியசாலைக்குப் போகிறார்கள், பனடோலுடன் திரும்புகிறார்கள்.

அதனால் நான் வரவுப் பதிவேட்டைக் கவனிக்கச் சொல்கிறேன். பரீட்சைக்கு அமர 80 சதவீத வரவு வேண்டும் என்ற விதி பல பீடங்களில் உண்டு. காலை விரிவுரைகளுக்குத் தொடர்ந்து வராத மாணவருக்குத் தவணை முடிவில் தடைக்கடிதம் போகிறது, மூன்றாவது வாரத்திலேயே ஒருவர் அழைத்து "என்ன நடக்கிறது?" என்று கேட்பது அரிது. பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்திலோ அப்படி அழைத்துக் கேட்கப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. மாணவ ஆலோசகர்களும் பெரும்பாலும் விரிவுரையாளர்களே. தனக்குப் புள்ளி போடுபவரிடம் எந்தப் பிள்ளை மனந்திறக்கும்? (இதனால் சிலர் என்மீது கோபப்படலாம், படட்டும்.) பாடத்தோடு தொடர்பில்லாத உளவளத்துணையாளர் ஒருவர் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு விளக்கம். உளமருத்துவர் தரும் மனச்சோர்வுக் குளிசைகள் போதை தருபவை அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம், சுகமானபின்னும் பல மாதங்கள் எடுக்கவேண்டியிருக்கும், திடீரென நிறுத்தக்கூடாது. நேர்த்தி வைப்பதை நான் தடுக்கவில்லை. கோயிலுக்குப் போய்வந்த கையோடு மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் கூட்டிச்செல்லுங்கள். சாக விரும்புவதாகப் பிள்ளை ஒரு சொல் சொன்னாலும் தனியே விடாதீர்கள். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். இரவு பகல் எந்நேரமும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.