கேப் புளோரிடாவில் விளக்கேற்றியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கலங்கரை விளக்கம் என்று ஏட்டில் எழுதினாலும் பேச்சில் நமக்கு அது லைட் ஹவுஸ்தான். எந்தக் கடற்கரைக்குப் போனாலும் அதைத் தேடிப் போய்விடுவேன். அங்கே தினமும் விளக்கேற்றியவர் யார் என்று கேட்காமல் திரும்பவும் மாட்டேன்.

மகள் வீட்டுக்குப் போனபோது, மயாமியை ஒட்டிய கீ பிஸ்கேன் தீவின் தென்முனைக்குக் கூட்டிப்போனாள். கேப் புளோரிடா என்று பெயர். இப்போது அது மாநிலப் பூங்கா. கட்டடங்கள் எழும்பவிருந்த அந்த நிலத்தைக் காப்பாற்ற விடாமல் எழுதிய பத்திரிகை ஆசிரியர் பில் பேக்ஸின் பெயரைத்தான் பூங்காவுக்கு வைத்திருக்கிறார்கள்.

நான் கடலூர்க்காரன். அந்தப் பூங்காவில் முன்பு என்ன மரம் நின்றது என்று கேட்டால், சவுக்கு! ஆஸ்திரேலியப் பைன் என்கிறார்கள். 1992 ஆகஸ்ட்டில் ஆண்ட்ரூ புயல் அவ்வளவையும் சாய்த்துவிட்டது. தானே புயலில் முந்திரியும் பலாவும் விழுந்துகிடந்ததைப் பார்த்த எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே திரும்பவும் சவுக்கு வைக்காமல் அந்த மண்ணுக்கே உரிய செடிகொடிகளை வைத்தார்கள். நல்ல காரியம்.

சரி, விளக்குக்கு வருவோம். 109 படி. மேல்மாடத்தில் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது. சிறுவயதில் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்திருப்பீர்கள். கை சிறிதாக இருக்கும் பிள்ளைக்குத்தான் அந்த வேலை வரும். விளக்குக் காவலர் வேலையும் அதேதான்: எண்ணெயை மேலே சுமப்பது, திரியைக் கத்தரிப்பது, கரியைத் துடைப்பது. ஒரு நாள்கூட விட முடியாது.

1825இல் கட்டியபோது கோபுரம் 65 அடி. 1836இல் செமினோல் பழங்குடியினருக்கும் அமெரிக்க அரசுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. சொந்த மண்ணைவிட்டு மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே போகச் சொன்னால் யார்தான் போவார்கள்? அந்த ஜூலை 23ஆம் தேதி காவலர் அங்கே இல்லை. உதவிக் காவலர் ஜான் தாம்ப்சனும், ஆரன் கார்ட்டர் என்ற கறுப்பினப் பெரியவரும்தான் இருந்தார்கள். மாலை நாலு மணிக்குச் செமினோல்கள் வந்தார்கள். இருவரும் கோபுரத்துக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இருட்டும்வரை தாம்ப்சன் துப்பாக்கியால் தாக்குப்பிடித்தார். அப்புறம் கதவுக்குத் தீ வைத்தார்கள். உள்ளே எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுகள் துளைத்திருந்தன. விளக்குக்கு வைத்த எண்ணெய், நேயர்களே! கோபுரமே புகைபோக்கி ஆகிவிட்டது.

வெடிமருந்துப் பீப்பாய் ஒன்றை மேலே கொண்டுபோயிருந்தார்கள். வெளிமாடத்தின் அகலம் இரண்டடி. அதில்தான் இரண்டு பேரும் படுத்துக்கிடந்தார்கள். கார்ட்டர் சுடப்பட்டு அங்கேயே இறந்தார். தாம்ப்சனுக்கு ஒவ்வொரு பாதத்திலும் மூன்று குண்டுகள். உடம்பு வெந்துகொண்டிருந்தது. ஒரேயடியாக முடியட்டும் என்று பீப்பாயைத் தீக்குள் தள்ளிவிட்டார். வெடித்தது, கோபுரம் ஆடியது, விழவில்லை. 12 மைலுக்கு அப்பால் மோட்டோ என்ற கப்பலில் இருந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். சாக நினைத்துத் தள்ளிய வெடிதான் அவரைக் காப்பாற்றியது.

மறுநாள் கப்பல் வந்துவிட்டது. ஆனால் படிகள் இல்லை, எரிந்துபோயிருந்தன. எப்படி இறக்குவது? பட்டம் விட்டு நூல் அனுப்பிப் பார்த்தார்கள், முடியவில்லை. அப்புறம் துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கிற கம்பியில் நூலைக் கட்டி மேலே சுட்டார்கள். அந்த நூலைப் பிடித்து அவர் ஒரு கப்பியை மேலே இழுத்தார். நம் கிணற்றுக் கப்பி மாதிரிதான். அத்தனை காயத்தோடு அதை இரும்புத் தூணில் கட்டினார், பாருங்கள். அதில் கயிறு ஓட்டி இரண்டு பேர் ஏறி அவரை இறக்கினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். கோபுரத்தை 1847க்குள் திருப்பிக் கட்டி, 1855இல் 95 அடியாக உயர்த்தினார்கள்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். விளக்கு வருவதற்கு முன் இதே கரையிலிருந்து, அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர்களும் கறுப்பு செமினோல்களும், அதாவது செமினோல்களோடு சேர்ந்து வாழ்ந்த கறுப்பினத்தவர்களும், தோணியில் பஹாமாஸுக்குப் போனார்கள். 1821இல் புளோரிடா ஸ்பெயின் கையிலிருந்து அமெரிக்கா கைக்கு மாறியதும் அவர்களுக்கு அங்கே பாதுகாப்பு இல்லாமல் போயிற்று. இருட்டுதான் அவர்களுக்குத் துணை. கப்பல்களைக் காக்க ஏற்றிய வெளிச்சம் அவர்கள் வழியை மறித்தது. 2004இல் இந்த இடத்தை, தப்பிச் சென்ற வழிகளின் தேசியப் பட்டியலில் சேர்த்தார்கள். படியேறுவதற்கு முன் அந்தக் கரையில் கொஞ்சம் நின்றுவிட்டு ஏறுங்கள். பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவில் ரெட் பேஸ் என்ற ஊரில் அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் ஓலைக் கூடை பின்னுகிறார்கள். நெருக்கமாகப் பின்னுவதால் அதில் தண்ணீர்கூட நிற்குமாம். வணக்கம்.