கட்டிலுக்கு அடியில் இருந்த கிடார்

நேயர்களுக்கு வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து, கடைசியில் வாசற்படி தாண்டி உள்ளே நுழைந்தது. நானும் மனைவியும் மகளும் பத்திரங்கள், அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் பரணுக்கு ஏற்றினோம். என்னிடம் இரண்டு கிடார்கள் உண்டு. புதியது ஏற்கெனவே பரண் மேல் இருந்தது. பழையதன் நினைவே எனக்கு வரவில்லை. இருட்டில் ஏதோ டொக் டொக்கென்று தட்டும் சத்தம் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், கிடார்ப் பெட்டி மிதந்து கட்டிலின் அடிப்பலகையில் முட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கிடாரை நான் வாங்கியது 1985இல். கல்கத்தாவில் செய்தது. சென்னை அண்ணா சாலையில் ஒரு கடையில் வாங்கி, இரவு ரயிலில் ஊர் வரும்வரை மடியிலேயே வைத்திருந்தேன். அப்போது ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. சொல்லிக்கொடுத்தவர் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர். மாதா கோயில் பாடற்குழுவில் கிடார் வாசித்தவர். சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவதைக் கார்டு என்பார்கள். ஒரு மாதம் முழுக்க எஃப் கார்டு மட்டும்தான். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகள் மேலும் படுக்கவைத்து அழுத்தினால் பாதிக் கம்பி ஊமையாகிவிடும். விரல் நுனி சிவந்து, கொப்புளித்து, உரிந்து, அப்புறம் காய்ப்பு விழுந்தது. அந்தக் காய்ப்பு இன்றும் என் இடது கையில் இருக்கிறது.

மற்றதைக் கற்றுத்தந்தது வானொலி. எங்கள் ஊரில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். பாட்டை நிறுத்தி மறுபடி கேட்க வழி கிடையாது, போனால் போனதுதான். அதனால் பாட்டு ஓடும்போதே ஆறாம் கம்பியிலும் ஐந்தாம் கம்பியிலும் அடிச்சுரத்தை மட்டும் தேடிப் பிடிப்பேன். அடிச்சுரம் கிடைத்துவிட்டால் கார்டு ஏறக்குறையக் கிடைத்த மாதிரி. விட்டுப்போன இடத்துக்காக, அதே பாட்டு மறுபடி எப்போது வரும் என்று நாட்கணக்கில் காத்திருப்பேன். அப்படிக் காத்திருந்து பிடித்த கார்டு எதுவும் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

சரி, தண்ணீர் வடிந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பெட்டியைத் திறந்தேன். பின்பலகை முழுவதும் விட்டுப்போய், பிளைவுட் அடுக்கு அடுக்காகப் பிரிந்து உப்பியிருந்தது. முன்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜ் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. முன்பலகை மட்டும் ஈரத்தோடு அப்படியே இருந்தது. கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினேன். வெயிலில் வைத்தால் மரம் வெடித்துவிடும் என்று தெரியும். அதனால் நிழலில், துணி மேல் படுக்கவைத்து மூன்று வாரம் காயவிட்டேன். தினமும் வேலையிலிருந்து வந்ததும் அதைத் தொட்டுப் பார்ப்பேன். வீட்டில் யாரும் என்னைத் தேற்ற முயலவில்லை. அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது.

கிடார் பழுது பார்ப்பவர் எங்கள் பக்கத்தில் யாரும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான். தோணி கட்டும் ஆசாரி, எழுபது வயதைத் தாண்டியவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணிகளில் வேலை பார்த்த கை. கிடாரைக் கவிழ்த்து அவர் முன் வைத்தேன். பின்பலகை இல்லாததால் உள்ளே எல்லாம் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, இதுக்கும் வங்கு வச்சிருக்கானே!" என்றார்.

தோணியின் உள்ளே பலகைகளைத் தாங்கும் சட்டத்தைத்தான் வங்கு என்பார்கள். ஆமாம், கிடாரிலும் உண்டு. முன்பலகையின் உள்பக்கத்தில் இரண்டு சட்டங்கள் பெருக்கல் குறி மாதிரி குறுக்காகப் போகின்றன. எஃகுக் கம்பி போட்ட கிடார்களில் இதுதான் பெரும்பாலும் வழக்கம். நான் விளக்கினேன்: "அண்ணாச்சி, ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். இந்தப் பலகை 3 மில்லிமீட்டர் கூட இருக்காது. சட்டம் இல்லாவிட்டால் பிய்ந்துவிடும்."

"அப்போ தடியா வைக்க வேண்டியதுதானே?"

"தடியாக வைத்தால் அதிராது. சத்தம் வராது."

அவர் தலையை ஆட்டினார். "தாங்கவும் வேணும், அசையவும் வேணும். தோணியும் அப்படித்தான். அசையாத தோணி அலையில உடைஞ்சிரும்."

அந்த ஒரு பேச்சிலேயே என் கிடார் சரியான ஆளிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

பின்பலகை போனால் ஒலியும் போய்விடுமா என்பதுதான் என் பெரிய பயம். அப்போது எனக்குத் துணையாக இருந்தது ஸ்பெயின் நாட்டு அல்மெரியாவில் பிறந்த அந்தோனியோ தே தோரஸ் செய்த ஒரு வேலை. இன்றைய கிளாசிக்கல் கிடாரின் உருவமும் அளவும் 19ஆம் நூற்றாண்டில் அவர் கையில்தான் உறுதிப்பட்டன. கிடாரின் ஒலிக்கு உயிர் முன்பலகைதான் என்று அவர் நம்பினார். அதைக் காட்ட, 1862இல் பின்புறத்தையும் பக்கங்களையும் அட்டையிலேயே செய்து, முன்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்து ஒரு கிடார் செய்தார். அந்தக் கிடார் இன்று பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அட்டையே போதும் என்றால், எங்கள் ஊர் மரம் போதாதா?

ஆசாரி அண்ணாச்சி ஒரு பழைய அயினிப் பலகையை எடுத்தார். அயினி பலாவின் உறவுமரம். தஞ்சாவூர் வீணைக்குக் குடம் கடைவது பலாவில்தான் என்பதால் எனக்கு அந்தப் பலகை மேல் உடனே ஒரு பாசம் வந்துவிட்டது. அதை இரண்டு நாள் இழைப்புளி போட்டு இழைத்து மெல்லிசாக்கினார். ஒட்டுவதற்கு வஜ்ஜிரம் என்ற தோல் பசையைக் காய்ச்சினார். புதுப் பசைகள் கடையில் இருக்கின்றனவே என்று கேட்டேன். "அதுல ஒட்டினா ஒட்டினதுதான். இது, நாளைக்கு எவனாவது பிரிக்கணும்னா சூடு காட்டினாப் போதும்" என்றார். பழைய வயலின், கிடார் செய்தவர்களும் இதே காரணத்துக்காக இதே மாதிரித் தோல் பசையைத்தான் நம்பினார்கள். பலகையை அழுத்திப் பிடிக்கக் கிடுக்கி போதவில்லை. அதனால் ஓரம் முழுக்க ஒரு கிலோ உப்புப் பொட்டலங்களை வரிசையாக அடுக்கினோம். தூத்துக்குடியில் அதற்கா பஞ்சம்!

ஒரு வாரம் கழித்துக் கம்பி மாட்டினேன். இழுவை குறைவாக இருக்கட்டும் என்று மெல்லிய கம்பியாகப் போட்டேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். நான்காம் நாள்தான் முழு சுருதிக்கு வந்தது. ஆறாம் கம்பியைத் தட்டினேன். பழைய ஒலி இல்லை. முன்பு கொஞ்சம் கணீரென்று இருக்கும். இப்போது அடியில் ஒரு கனம் இருந்தது, ஒலி சீக்கிரம் அடங்கியது. ஆனால் அது என் கிடார்தான் என்பது உறுதியாகத் தெரிந்தது. ஏன் என்றால், மூன்றாம் கம்பி பழையபடியே என்னோடு மல்லுக்கட்டியது.

அந்த மல்லுக்கட்டு 1985இலேயே தொடங்கியது. ஈ கார்டு பிடித்து, மூன்றாம் கம்பியைச் சுத்தமாக இனிக்கும்வரை இறக்கிச் சேர்ப்பேன். அடுத்து ஜி கார்டு பிடித்தால் அதே கம்பி உறுத்தும். ஜி-க்குச் சரிசெய்தால் ஈ கெட்டுவிடும். என் காதில்தான் கோளாறு என்று நினைத்து வருந்தினேன். எதிர்வீட்டு வீணை டீச்சரிடம் ஒருநாள் சொன்னேன். அவர் தம்புராவை மீட்டி, "மந்தர சட்ஜத்துக்குள்ளே தானாக ஒரு காந்தாரம் கேட்கிறதா?" என்றார். கேட்டது. "உன் காது இதைத் தேடுகிறது. கிடாரில் இருக்கும் காந்தாரம் இதைவிடக் கொஞ்சம் தூக்கல்" என்றார்.

ஈ கார்டில் மூன்றாம் கம்பி ஒலிப்பது அந்தக் காந்தாரத்தைத்தான். கணக்கு இதுதான். கிடாரில் எந்தச் சுரத்தை ஆதாரமாக வைத்தாலும் வாசிக்க முடிய வேண்டும் என்பதற்காக ஸ்தாயியை 12 சம பங்காகப் பிரித்து, கழுத்தில் குறுக்காக ஃப்ரெட் என்னும் உலோகப் பட்டைகளைப் பதிக்கிறார்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டும் மிச்சமுள்ள கம்பி நீளத்தில் ஏறக்குறைய 18இல் ஒரு பங்கைக் குறைக்கும். இந்தப் பங்கீட்டில் அந்தர காந்தாரம் இயல்பான இடத்தைவிட மேலே போய்விடுகிறது. ஒரு அரைச்சுரத்தை 100 பாகமாக்கினால், அதில் 14 பாகம். வீணையின் மேளக்கட்டைகள் மெழுகில் பதிந்தவை, அவற்றை நகர்த்தி அமைக்கலாம். கிடாரின் ஃப்ரெட் மரத்தில் அறைந்த உலோகம். அதனால் எல்லாக் கார்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் கம்பியைச் சேர்க்க வேண்டும். எந்தக் கார்டுக்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பது அந்தந்தக் கிடாரோடு பழகித்தான் தெரியும். என் கிடாரின் மூன்றாம் கம்பியை எங்கே நிறுத்தினால் அன்று வாசிக்கப்போகும் பாட்டுக்குப் பொருந்தும் என்று என் விரலுக்குத் தெரியும். பரண் மேல் இருந்த புதுக் கிடார் ஈட்டி மரத்தில் செய்தது, விலையும் பல மடங்கு. அதனோடு எனக்கு அந்த நெருக்கம் இன்னும் வரவில்லை.

நான் இதுவரை மேடை ஏறியதில்லை. ஏற வேண்டும் என்று ஏங்கியதும் இல்லை. இரவு சாப்பிட்டுவிட்டு முக்கால் மணி நேரம் மொட்டை மாடியில் வாசிப்பேன். கடற்காற்றில் கம்பி இரண்டு மாதத்தில் துருப்பிடிக்கும், மாற்றுவேன். மகள் சில நாள் வந்து உட்கார்ந்து பாடுவாள். போன வாரம் ஆசாரி அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கிடாரைத் திருப்பி அயினிப் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இப்ப வாசி தம்பி" என்றார். ஒரு பாட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை.

அந்தக் கிடாரை இன்று இந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இங்கே ஏசி குளிரில் மூன்றாம் கம்பி கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஒரு நிமிடம் பொறுங்கள், சேர்த்துவிட்டு வாசிக்கிறேன்.