அகப்பை யார் கையில்?

(கொழும்பு வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த பத்திரிகையாளர்களே, வாழ்த்துரை வழங்கிய பேராசிரியர் ஐயா அவர்களே, ஹட்டனிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்திருக்கும் ஆசிரியர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பேராசிரியர் ஐயாவிடம்தான் நான் கட்டுரை எழுதப் பழகினேன். அவர் முன்னால் பேசக் கிடைத்ததே எனக்குப் பெரிய பாக்கியம். அழைத்த செயலாளருக்கும் சங்கத்தாருக்கும் நன்றி.

ஊடகங்கள் யார் யாருக்குச் சொந்தம் என்பதே இன்றைய பொருள். பத்திரிகை, வானொலி, இணையம் மூன்றையும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். எங்கள் அம்மாயி ஒரு பழமொழி சொல்வார்: ‘அகப்பை பிடிப்பவன் தன்னவன் ஆனால் அடிப்பந்தியில் இருந்தால் என்ன, கடைப்பந்தியில் இருந்தால் என்ன?’ தன்னவன் இல்லாவிட்டால்? முதல் பந்தியில் உட்கார்ந்தாலும் இலை காய்ந்துதான் கிடக்கும்.

அப்பாவின் கதை ஒன்று. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், இருபது வீட்டுக்கு ஒரே தண்ணீர்ப் பீலி. கோடையில் அதுவும் நூலாக ஒழுகும். அப்பா கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதிப் போட்டார். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் கூட்டிக்கொண்டு மூன்று மைல் நடந்து டவுன் சலூனுக்குப் போவார். முடிவெட்ட அல்ல, பேப்பர் பார்க்க. சலூன்கார மாமா கடிதப் பக்கத்தை மட்டும் கழற்றி அப்பாவிடம் நீட்டுவார். எட்டு ஞாயிறு ஒன்றும் இல்லை. ஒன்பதாவது ஞாயிறு மாமாவே வாசலில் நின்று, ‘உங்க தோட்டத்து பேரு வந்திருக்குண்ணே!’ என்று கத்தினார். முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தவரும் எழுந்து வந்துவிட்டார். மாமா சத்தமாக வாசித்தார். எங்கள் தோட்டம்தான். தேயிலை ஏலத்தில் நல்ல விலைக்குப் போனதாம். தோட்டத்தை நடத்தும் துரை சிரித்துக்கொண்டு நிற்கும் படம் வேறு. பீலியைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்பா பேப்பரை நான்காக மடித்து வைத்துவிட்டு நடந்தார். லயம் வரும் வரை வாய் திறக்கவில்லை.

அந்தப் பத்திரிகை முதலாளிக்குத் தேயிலைக் கம்பனியில் பங்கு இருந்தது எனக்குத் தெரிய வந்தபோது அப்பா உயிரோடு இல்லை. அங்கே வேலை செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அகப்பை அவர்கள் கையில் இல்லை.

சரி, அரசு எடுத்தால் தீருமா? 1973இல் லேக்ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்துக்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். 75 சதவீதப் பங்கு அரசின் சார்பில் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் போனது. உரிமையைப் பொதுமக்களிடையே பரவலாக்கத்தான் இந்தச் சட்டம் என்றார்கள். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆட்சி மாறும்போதெல்லாம் நிறுவனத் தலைவர் மாறுகிறார், பங்கு மக்களிடம் வரவில்லை. ஒருவரிடம் இருந்த அகப்பை இன்னொருவரிடம் போனது, அவ்வளவுதான்.

1920களில் கோ. நடேசய்யர் இதே கொழும்பில் ‘தேசபக்தன்’ பத்திரிகை நடத்தித் தோட்டத் தொழிலாளருக்காக எழுதினார். அகப்பையை நம்மவர் பிடித்த காலம் அது. இன்று அதை வானொலியில் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

மலையகத்துக் கொத்மலையில் 1989 முதல் உள்ளூர் மக்களுக்கான சமூக வானொலி இருக்கிறதே என்பீர்கள். நல்ல வேலை செய்தது, மறுக்கவில்லை. ஆனால் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நிலையம், கொத்மலை மக்களுடையது அல்ல. தனியார் வானொலிக்கான உரிமமோ 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைச்சர் கையில். இந்தியாவில் 2006இலிருந்தே தொண்டு நிறுவனங்கள் சமூக வானொலி நடத்த வழி திறந்திருக்கிறது.

2014 ஒக்டோபர் 29, பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து என்று பல வருடங்களுக்கு முன்பே எழுத்தில் எச்சரிக்கை இருந்தது. அந்த மலையடிவாரத்தில், அந்த மக்களே நடத்தும் வானொலி ஒன்று இருந்திருந்தால், மழை பிடித்த அன்றெல்லாம் அந்த எச்சரிக்கையைத் தமிழில் வாசித்திருக்கும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் தூக்கம் வருவதில்லை.

இணையத்தைப் பற்றிப் பேச நேரம் போதாது, தலைவர் பொறுத்தருள வேண்டும். மலையகத்துக்குச் சமூக வானொலி உரிமம் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது, தமிழிலும் சிங்களத்திலும். கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் ஊர்ப் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.